டிராக் சைக்கிள் பந்தயத்தின் டீம் ஸ்பிரிண்ட் அணியில் என்னைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். என் 200 மீட்டர் நேரம் நன்றாக இருந்தது, கோச் என் உடம்பைப் பற்றிக் கேவலமாகவும் பேசினார். மேல்முறையீடு நிற்குமா?

"அவரைவிட நான் வேகம்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. தேர்வுக் கொள்கையில் உள்ள நடைமுறையை மீறினார்கள் என்றோ, தேர்வாளர் பாரபட்சம் காட்டினார் என்றோ காட்ட வேண்டும். யார் திறமைசாலி என்ற விவாதத்துக்குள் மேல்முறையீட்டுக் குழுக்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை.

உங்கள் 200 மீட்டர் நேரம் நன்றாக இருந்தும் விட்டுவிட்டார்கள் என்கிறீர்கள். அந்த நேரம் சைக்கிள் ஏற்கெனவே முழு வேகத்தில் போகும்போது எடுப்பது. டீம் ஸ்பிரிண்டில் முதல் சுற்றை முன்னால் ஓட்டுபவர் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் தேடியிருந்தால் உங்கள் 200 மீட்டரை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஒப்பிட்ட தரவை எழுத்தில் கேளுங்கள். ஒரே தடத்தில், ஒரே நாளில் எடுத்ததா? காற்றழுத்தம் மாறினாலே நேரம் மாறும். கொள்கையில் "பயிற்சியாளரின் விருப்புரிமை" (அவர் தன் கணிப்பின்படி முடிவெடுக்கலாம்) என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் பாடு கஷ்டம்தான்.

கோச் உடம்பைப் பற்றிக் கேவலமாகப் பேசியதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். தேர்வுக் கூட்டத்திலேயே அப்படிப் பேசியதற்குச் சாட்சி இருந்தால் மட்டும் மேல்முறையீட்டிலும் சேர்க்கலாம்.

தொழிலாளர் சட்டத்தை ரொம்ப நம்ப வேண்டாம். 2016இல் பிரிட்டிஷ் சைக்கிள் அணியிலிருந்து நீக்கப்பட்ட வீராங்கனை ஜெஸ் வார்னிஷ் தொழிலாளர் தீர்ப்பாயம் வரை போனார். அவர் ஊழியர் அல்ல என்று 2019இல் தீர்ப்பு வந்தது, 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். நாட்டுக்கு நாடு இது மாறும்.

இன்னொன்று, ஜெயித்தாலும் முடிவு பெரும்பாலும் அதே தேர்வாளர்களிடம்தான் திரும்பிப் போகும். மேல்முறையீடு செய்யக் கெடுவும் சில நாள்தான் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.