வாசகர் கேள்வி – பதில்: மாட்டுக்கு எது, உரக்குவியலுக்கு எது?

கேள்வி: காய்கறிக் கழிவையும் மீந்துபோன சமைத்த உணவையும் மாடுகளுக்குக் கொடுக்கலாமா, அல்லது மட்கு உரமாக்குவதே நல்லதா?

பதில்: கெடாததாகவும் இறைச்சி கலவாததாகவும் இருந்தால் கால்நடைக்கே முதலிடம் கொடுங்கள். மாடு தின்ற தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி சாணமாகவும் சிறுநீராகவும் திரும்பி வந்துவிடுவதால், ஒரே கழிவு தீவனமாகவும் பின்னர் உரமாகவும் இருமுறை பயன்படுகிறது.

ஆனால் அளவு முக்கியம். மாவுச்சத்து மிகுந்த சமைத்த உணவைப் பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரே வேளையில் நிறையக் கொட்டினால், முதல் இரைப்பையில் லாக்டிக் அமிலம் பெருகி, மாடு அசைபோடுவதை நிறுத்தி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே சிறிதளவில் தொடங்கி, நார்த்தீவனத்தோடு கலந்து, படிப்படியாகக் கூட்டுவதே முறை.

பூஞ்சணம் பிடித்ததை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் உருவாகக்கூடிய அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. கறவை மாடு தின்றால் அதன் ஒரு பங்கு பாலிலும் இறங்குகிறது. அத்தகைய கழிவுக்கு உரக்குவியலே இடம்.

இறைச்சி கலந்த மிச்சத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட, மாடுகளின் மூளையைத் தாக்கும் பித்தப்பசு நோய், இறந்த விலங்குகளின் இறைச்சி, எலும்புத் தூளை மாட்டுத் தீவனத்தில் சேர்த்ததால் பரவியது. அதே நாட்டில் 2001ஆம் ஆண்டு பரவிய கோமாரி நோயின் தொடக்கம், முறையாக வேகவைக்காத உணவுக்கழிவு கொடுக்கப்பட்ட ஒரு பன்றிப் பண்ணை என்றே விசாரணையில் கருதப்பட்டது.

கேள்வி: சாணம், கோழி எச்சம், பச்சைத் தழை மூன்றையும் குவித்து வைத்தேன். மாதங்கள் கடந்தும் மக்காமல் நாறுகிறது. நுண்ணுயிர்க் கலவை வாங்கி ஊற்றலாமா?

பதில்: வாங்க வேண்டாம், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சாணத்திலேயே ஏராளமாக உள்ளன. முதலில் நாற்றத்தை அடையாளம் காணுங்கள். மூக்கைக் காரமாகத் தாக்கினால் அது அம்மோனியா. அதாவது தழைச்சத்து மிகுந்துவிட்டது. அழுகிய முட்டையின் வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை என்று பொருள். நீங்கள் சேர்த்த மூன்றுமே தழைச்சத்து மிகுந்தவை என்பதால் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கக்கூடும். கரிமமும் (கார்பனும்) தழைச்சத்தும் ஏறத்தாழ 25 முதல் 30க்கு 1 என்னும் விகிதத்தில் அமைந்தால்தான் மக்குதல் சீராக நடக்கும். எனவே கரிமம் மிகுந்த நறுக்கிய வைக்கோலையோ காய்ந்த சருகையோ தாராளமாகக் கலந்து, அடியில் இருப்பது மேலே வரும்படி கிளறிவிடுங்கள்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே சிறிது நேரம் செருகி வைத்து உருவிப் பாருங்கள். தொட்டுப் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சில நாள்கள் நிலைத்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். ஓரத்தில் இருப்பவை தப்பிவிடும் என்பதால்தான் திரும்பத் திரும்பக் கிளற வேண்டியுள்ளது.

கேள்வி: வெளியிலிருந்து வாங்கிய உலர்புல்லைத் தின்ற மாடுகளின் சாண உரத்தை இட்ட பாத்தியில் மட்டும் தக்காளி, அவரை இலைகள் சுருள்கின்றன. இது நச்சுயிரி (வைரஸ்) நோயா?

பதில்: அந்தப் பாத்தியில் மட்டும், இருவகைப் பயிரிலும் ஒரே மாதிரி சுருள்கிறது என்பதால் களைக்கொல்லி எச்சத்தையே முதலில் சந்தேகிக்கிறேன். புல்வெளிகளில் தெளிக்கப்படும் குளோபைராலிட், அமினோபைராலிட் போன்றவை மாட்டின் குடலையும் உரக்குவியலின் சூட்டையும் கடந்து நிற்கக்கூடியவை. ஒரு தொட்டியில் அந்த உரம் கலந்த மண்ணையும் மற்றொன்றில் வெறும் மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் அவரை விதைத்து, சில இலைகள் விரியும் வரை ஒப்பிட்டுப் பாருங்கள். உரமிட்ட தொட்டியில் மட்டும் இலை சுருண்டால், எஞ்சிய உரத்தைக் காய்கறிக்கு இடாமல் மக்காச்சோளத்துக்கோ தீவனப்புல்லுக்கோ இடலாம்; ஆனால் அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் சாணத்தையும் இதேபோல் சோதித்த பிறகே காய்கறிப் பாத்திக்குக் கொண்டுவர வேண்டும்.