வாசகர் கேள்வி பதில்: மொழி வகுப்பில் ஓடும் விளையாட்டுகள்

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தரையில் கட்டம் போட்டு, நான் சொல்லும் சொல்லில் வரும் எழுத்தின் மேல் ஓடிப்போய் நிற்கச் சொல்கிறேன். பிள்ளைகள் உற்சாகமாக ஓடுகிறார்கள். ஆனால் சொல்வதெழுதுதலில் ல, ள, ழ குழப்பம் தீரவில்லை. விளையாட்டால் பயனில்லையா?

பதில்: பயன் உண்டு. ஆனால் இந்த விளையாட்டில், எழுத்தே தெரியாத குழந்தையும் முன்னால் ஓடுகிறவனைப் பின்தொடர்ந்து சரியான கட்டத்தில் நின்றுவிட முடியும். அடுத்த முறை, கடைசியாகக் கட்டத்துக்குள் வருகிறவர்களின் கண்களைக் கவனியுங்கள். அவை தரையையா, தோழர்களையா, எதைப் பார்க்கின்றன என்பதிலேயே யார் காதால் கேட்டு ஓடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மொழி தெரியாமல் வெல்ல முடிகிற விளையாட்டு உடற்பயிற்சிதான்.

ஆகவே ஓட்டத்தைச் சில நாள் நிறுத்திவிட்டு, அவரவர் இடத்திலேயே கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். லகரம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும், ளகரம் என்றால் தோளைத் தொட வேண்டும், ழகரம் என்றால் உட்கார வேண்டும். புலி, புளி, வால், வாள், மலை, மழை என்று மாற்றி மாற்றிச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு கண்ணைத் திறந்து, அந்தச் சொல்லை உடனே சிலேட்டில் எழுத வையுங்கள். கேட்டதைக் கை எழுதிப் பழகாத வரை சொல்வதெழுதுதலில் மாற்றம் வராது. நீங்கள் உச்சரிப்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: லகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும், ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு வளைந்தாலும் அண்ணத்தில் அழுந்தாது. ஆசிரியர் மூன்றையும் ஒரே ஒலியாகச் சொன்னால் எந்த விளையாட்டும் உதவாது.

ஓடத்தான் வேண்டுமென்றால், பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியங்களைச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் போய் வாசித்து, நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இருவரும் இடம் மாற வேண்டும். சுவரருகே நின்று கத்திச் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் ஒரு நடைக்கு ஒரு சொல்லைத் தூக்கி வரும் குழந்தை, பழகப் பழக முழு வாக்கியத்தையும் ஒரே நடையில் கொண்டுவரத் தொடங்கும். வாசிப்பு வளர்வதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேள்வி: என் மகள் புதிய மொழி ஒன்றைக் கற்கிறாள். ஆசிரியை கட்டளைகள் சொல்கிறார், பிள்ளைகள் செய்து காட்டுகிறார்கள்; யாரையும் பேசச் சொல்வதில்லை. இது சரியா?

பதில்: தொடக்க வகுப்புக்கு மிகச் சரி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இது. தாய்மொழியில் குழந்தை பேசுவதற்கு வெகு முன்பே "வா", "கொடு" என்பவற்றுக்கு உடலால் பதில் சொல்கிறது; அந்த வரிசையையே இரண்டாம் மொழிக்கும் பின்பற்ற வேண்டும் என்பது அவருடைய கருத்து. "எழுந்திரு" என்பதில் தொடங்கி, "சிவப்புப் பையை எடுத்து நாற்காலியின் கீழே வை" என முன்பு கேட்டிராத சேர்க்கைகளுக்குப் போக வேண்டும். பேசத் தயாரான குழந்தை தானே கட்டளையிடத் தொடங்கும். அதுவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் கட்டளைகளோடு நின்றுவிட்டால் ஏவல் வினை மட்டுமே பழகும். செய்து முடித்த கையோடு "பையை யார் எடுத்தார்கள்? எங்கே வைத்தார்கள்?" என்று கேட்டால் இறந்த காலமும் வந்துவிடும். இதை ஆசிரியையிடம் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: ஓட இயலாத மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். அவனை நடுவராக வைக்கலாமா?

பதில்: ஒரு நாள் வைக்கலாம், தினமும் வேண்டாம். நடுவராக இருப்பவனுக்குக் கேட்டு முடிவெடுக்கும் பயிற்சி குறைந்துபோகும். வகுப்பு முழுவதற்குமே அசைவை மாற்றி, எல்லோரும் உட்கார்ந்தபடி கையாலும் தலையாலும் பதில் சொல்லும்படி செய்யுங்கள்.