மாண்டலினுக்குக் கோட்டிங் கம்பி சரிவருமா?

கை வியர்வையால் கம்பி சீக்கிரம் மங்குகிறது, கோட்டிங் கம்பி உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் உதவும். மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளில் (ஜி, டி, ஏ, ஈ) ஜி, டி ஜோடிகள் சுற்றுக் கம்பிகள், அதாவது மேலே மெல்லிய கம்பி சுற்றியவை. சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் இறங்கித்தான் நாதம் மந்தமாகிறது. மெல்லிய பாலிமர் பூச்சு அதைத் தடுக்கும். ஏ, ஈ வெறும் எஃகு. அங்கே துருதான் தொல்லை, வாசித்ததும் துணியால் துடைத்தாலே பாதி தீரும்.

இப்போதிருக்கும் அதே கனத்திலேயே வாங்குங்கள், 0.011 முதல் 0.040 அங்குலம் என்றால் அதுவே. அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், பெரும்பாலான மாண்டலின்களில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒட்டப்பட்டிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் நகர்ந்துவிடும்.

முதலில் விரல் வழுக்கும், ஒலியும் சற்று மென்மையாகத் தோன்றும். ஒரு வாரம் வாசித்தபின் முடிவெடுங்கள். அப்புறம், பிக் (மீட்டும் வில்லை) படும் இடத்தில் பூச்சு மெல்லிய இழைகளாகப் பிரியலாம். அதற்காக உடனே கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை.