கிரேக்கத் தீவுக் கடலில் குளிக்கப் போகிறவர்கள் கேட்டவை

ஆகஸ்டில் நக்சோஸ் போகிறோம். ஏஜியன் கடல் குளம் மாதிரி இருக்குமாமே, பிறகென்ன பயம்?

பயப்பட வேண்டியது அலைக்கு அல்ல, காற்றுக்கு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்றொரு காற்று வீசும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் காற்று மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். சில சமயம் நாள்கணக்கில் ஓயாது. நம் ஊர் ஆட்கள் வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடுவார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அப்படியானால் அலையே இல்லாத கரையாகப் பார்த்துப் போனால் சரிதானே?

அங்கேதான் சிக்கல். வடகாற்று அடிக்கும்போது தெற்கு பார்த்த கரைகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்த அமைதியை நம்பி இறங்கினால் காற்று உங்களை வெளியே தள்ளும். தூரத்தில் வெள்ளை நுரை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கரைக்கு இணையாக நீந்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஊதி மிதக்கவிடும் அன்னம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு அது பாய்மரம். அடித்துக்கொண்டு போனால் துரத்தி நீந்தாதீர்கள், போனால் போகட்டும். பிள்ளை அதன்மேல் இருந்தால், இறங்காமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு உடனே உதவிக்கு அழையுங்கள். அவசர எண் 112, கடலோரக் காவல் 108.

துடுப்புப் பலகை (நின்றுகொண்டு துடுப்பு போடுவது), விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் காற்றால் ஓடுவது) இரண்டும் ஆசை. புதியவன்.

துடுப்புப் பலகையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காலில் கட்டும் கயிறு கட்டாயம். காற்று தள்ளினால் நின்றுகொண்டு போராடாமல் பலகையில் படுத்துக் கையால் துழாவுங்கள். என்ன ஆனாலும் பலகையை விட்டு நீந்த வேண்டாம். விண்ட்சர்ஃபிங்குக்கு நக்சோஸ் நகரை ஒட்டிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரை நல்லது, ஆழம் குறைவு, பயிற்சிப் பள்ளி உண்டு. அதே தீவின் மிக்ரி விக்லா, ரோட்ஸ் தீவின் பிரசோனிசி போன்ற இடங்களின் பலத்த காற்றைக் கைதேர்ந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஜெட் ஸ்கி?

லைஃப் ஜாக்கெட் தராத கடையில் ஏறாதீர்கள். நீங்கள் நீந்துகிறவராக இருந்தால் மிதவைகள் வரிசையாக மிதக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள்; அந்தப் பக்கம் படகுகளுக்கு உரியது.

காலில் முள் குத்தும் என்கிறார்களே?

பாறைக்கரைகளில் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு போட்டால் போதும். மணலில் புதைந்து கிடக்கும் வீவர் மீன் கொட்டினால் வலி உயிர் போகும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருங்கள். ஜெல்லி மீன் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவது, தேய்ப்பது இரண்டும் கூடாது.

கரையில் சிவப்புக் கொடி, ஆனால் எல்லாரும் குளிக்கிறார்களே?

குளிக்கட்டும். நீங்கள் இறங்காதீர்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை. எப்போது போகலாம்?

மே மாதத் தண்ணீர் நமக்குக் குளிரும். செப்டம்பர் பின்பாதியில் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், மெல்டெமியும் தணியத் தொடங்கியிருக்கும், அறை வாடகையும் இறங்கும். பள்ளி விடுமுறை குறுக்கே நிற்காவிட்டால் அப்போது போங்கள்.