ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர்கள் அரசை ஆதரித்தார்களா, எதிர்த்தார்களா?

முதலாம் எலிசபெத்தும் முதலாம் ஜேம்ஸும் ஆண்ட காலத்து ஆங்கில நாடகங்களில் கலைக்கும் அரசியலுக்கும் இருந்த உறவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அந்த உறவு அடங்காது என்பதே என் கருத்து. எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, ஒரு நாடகத்தை அனுமதித்தவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், எந்த நாளில் அது மேடையேறியது என்று பார்ப்பது அதிகம் சொல்லும்.

முதலில் தொழிலின் நிலைமை. 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகச் செல்லும் நடிகரை நாடோடி என்று பிடித்துத் தண்டிக்க முடியும். 1581இல் அரசவைக் கேளிக்கைகளின் தலைமை அதிகாரி எட்மண்ட் டில்னிக்கு எல்லா நாடகங்களையும் வாசித்து, வெட்டி, அனுமதிக்கும் அதிகாரம் தரப்பட்டது. லண்டன் மாநகர நிர்வாகத்துக்கு நாடகம் என்றாலே ஆகாது. அரசிக்கோ பண்டிகைக் காலத்தில் அரண்மனையில் நாடகம் வேண்டும். ஆகவே மாநகரின் அதிகாரம் எட்டாத ஷோர்டிச்சிலும் தேம்ஸ் நதியின் தென்கரையிலும் அரங்குகள் எழுந்தன. நாடகங்களைக் கத்தரித்த அதே அரசவைதான் நடிகர்களைக் காப்பாற்றியும் வந்தது. சர் தாமஸ் மோரைப் பற்றிய நாடகத்தின் கையெழுத்துப் படியில், 1517இல் அயல்நாட்டவருக்கு எதிராக லண்டனில் நடந்த கலகத்தையும் அதன் காரணத்தையும் முழுவதுமாக நீக்கிவிடுமாறு டில்னி எழுதிய குறிப்பை இன்றும் காணலாம். 1590களின் லண்டனிலும் அயல்நாட்டவர் மீது அதே வெறுப்பு புகைந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், எழுபது, எண்பது ஆண்டுக்கு முந்தைய சம்பவம் அவரை ஏன் உறுத்தியது என்பது விளங்கும்.

நாள் மாறினால் நாடகத்தின் பொருளும் மாறும் என்பதற்கு இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் வீழ்ச்சியைச் சொல்லும் நாடகமே சிறந்த சான்று. 1601 பிப்ரவரி 7 அன்று, எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள் வழக்கமான வருமானத்துக்கு மேல் நாற்பது ஷில்லிங் தருவதாகச் சொல்லி, குளோப் அரங்கில் அந்த நாடகத்தை நடிக்கச் செய்தார்கள். மறுநாளே எசெக்ஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் லண்டன் தெருக்களில் இறங்கினார். மக்கள் சேரவில்லை, கிளர்ச்சி அன்றே அடங்கியது. விசாரணையில் நடிகர் அகஸ்டின் பிலிப்ஸ், அது மிகப் பழைய நாடகம், கூட்டம் வராது என்று தாங்கள் தயங்கியதாகவும், கூடுதல் பணத்துக்காகவே நடித்ததாகவும் வாக்குமூலம் தந்தார். இங்கே நடிக்கப்பட்டது ஷேக்ஸ்பியரின் நாடகம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. குழுவை யாரும் தண்டிக்கவில்லை. அதைவிட வியப்பு, பிப்ரவரி 24 அன்று அதே குழு அரசியின் முன்னிலையில் நாடகம் நடித்தது. மறுநாள் காலை எசெக்ஸின் தலை வெட்டப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, தாமஸ் மிடில்டன் 1624இல் எழுதிய சதுரங்க நாடகம் அரசியலுக்காகவே பிறந்தது. வெள்ளைக் காய்கள் இங்கிலாந்து, கறுப்புக் காய்கள் ஸ்பெயின். கறுப்புக் குதிரையாக வருபவர் லண்டனில் ஸ்பானியத் தூதராக இருந்த கோண்டோமார். அவருடைய பழைய உடையையே நடிகர்கள் தேடி வாங்கிவிட்டார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. ஆகஸ்ட் 5 முதல், ஞாயிறு நீங்கலாக, ஒன்பது நாட்கள் அது தொடர்ந்து ஓடியது. ஒரே நாடகத்தை நாள்தோறும் நடிப்பது அன்று வழக்கமே இல்லை. கூட்டம் மிகக் குறைந்த நாளில்கூட மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள் என்று அப்போதைய தூதர் கொலோமா எழுதினார். அவருடைய புகாரால்தான் தலைநகருக்கு வெளியே இருந்த மன்னருக்கே செய்தி தெரிந்தது. நாடகம் நிறுத்தப்பட்டது, மிடில்டன் தலைமறைவானார். ஆனால் சில வாரங்களுக்குள் நடிகர்கள் மீண்டும் மேடையேறினார்கள், டில்னி வகித்த பதவியில் அப்போது இருந்து, நாடகத்துக்கு ஜூன் மாதமே அனுமதி கொடுத்திருந்த ஹென்றி ஹெர்பர்ட்டின் பதவியும் போகவில்லை. இளவரசர் சார்லஸின் ஸ்பானியத் திருமணப் பேச்சு 1623இல் முறிந்தபின், அவரும் பக்கிங்ஹாம் பிரபுவும் போரை விரும்பினார்கள். அவர்கள் தூண்டியதற்கு ஆதாரம் இல்லை. இருந்தாலும் அரசவையின் ஒரு பாதி கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இன்று படிக்கும்போது, 1624ஆம் ஆண்டின் செய்திகளை அறியாதவருக்கு மிடில்டனின் நாடகம் பாதிதான் புரியும். ரிச்சர்டின் கதைக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. முடியிழப்பவனுக்கு நாடகத்தின் மிக அழகான வரிகளையும், முடியைப் பறிப்பவனுக்கு ஆளும் திறமையையும் ஷேக்ஸ்பியர் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். கிளர்ச்சிக்காரர்கள் பணம் கொடுத்து நடிக்கச் செய்த அந்த நாடகத்தை, மன்னரை அகற்றுவது பாவம் என்று நம்பிய ஒருவரும் மனம் உருகிப் பார்த்திருக்க முடியும்.