சிலை இருக்கட்டும், வாரம் யார் வீட்டுக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் தாத்தாவின் தம்பி ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர். 1942-ல் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1945 மார்ச்சில் பர்மாவில் இறந்தார். உடல் வரவில்லை, தந்திதான் வந்தது. அவருக்கு ஊர் முகப்பில் சிலை வைக்கக் குடும்பத்துக்குள் பணம் சேர்த்தோம். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பதில் எனக்கும் பெரியப்பா மகனுக்கும் பேச்சே நின்றுவிட்டது. சின்னத் தாத்தா அனுப்பிய மணியார்டரில் வாங்கிய கிணற்றுக் கழனி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அவர் முகம் பார்க்காத ஒரே மகள், எண்பது தாண்டிய அத்தை; அத்தை மகன்தான் அதை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் எங்களுக்குப் பங்கு தந்து, உழுகிறான். சிலையைச் சுமுகமாகத் திறக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: கல்வெட்டுச் சண்டை எனக்குப் புதிதில்லை, தம்பி. கோயில் குடமுழுக்கில் தொடங்கி குடிநீர்த் தொட்டி வரைக்கும் கடிதம் வந்திருக்கிறது. அதை விடுங்கள். கழனியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

சின்னத் தாத்தா காசில் வாங்கிய நிலம். அதில் அவருடைய சொந்தப் பேரன் உழுது, அறுத்து, பங்கை உங்கள் வீட்டில் கொண்டுவந்து அளக்கிறான். அதை வாங்கிக் குதிரில் கொட்டிவிட்டு அவருக்குச் சிலை வைக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா?

1945 மார்ச் என்றால், பர்மாவில் ஐராவதி ஆற்றைக் கடந்து மெய்க்டிலா என்ற ஊருக்காக ஜப்பானியரோடு சண்டை நடந்த நேரம். சாப்பர்களுக்கு ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டுவது, பாலம் போடுவது, வழியில் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது என்று வேலை. வரப்பு வெட்டிப் பழகிய கை அதைச் செய்தது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர், பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமலா அனுப்பியிருப்பார்?

அவருக்குக் கல் இல்லையே என்றும் கலங்க வேண்டாம். ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில், கல்லறை இல்லாத சுமார் 27,000 வீரர்களின் பெயர்களைத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடுங்கள். பல இந்திய வீரர்களுக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா வரைக்கும் இருக்கிறது. கிடைத்தால் அச்செடுத்து அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். சிலை விஷயத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்டதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்களுக்குப் பக்கத்தில் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்ட காலத்திலேயே, அவன் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. உங்கள் வீட்டில் நிலத்தை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் நடப் பார்க்கிறீர்கள்.

பட்டா எங்கள் பேரில் என்பீர்கள். இருக்கும். இத்தனை வருட அனுபோகம் என்று வக்கீலும் தைரியம் சொல்வார். கோர்ட்டில் நீங்கள் ஜெயிக்கவும் கூடும். தம்பி இல்லாத வீட்டில் தம்பி பிள்ளைக்கு அண்ணன்தான் காவல். உங்கள் தாத்தா காவலுக்கு நின்ற இடத்தையே சொத்தாக்கிக்கொண்டார். உங்கள் அப்பாவும் வாய் திறக்கவில்லை. பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று கோபம் வந்தால் வரட்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் கிரயப் பத்திர நகலும் எடுங்கள். பெரியப்பா மகன் வீட்டுக்கு நீங்களே போங்கள், கௌரவம் பார்க்காமல். நிலத்தில் பங்குள்ள எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு, அத்தை கண்ணோடு இருக்கும்போதே அவர் பேருக்கு எழுதிவையுங்கள். சிலைக்குச் சேர்த்த பணம் முத்திரைத்தாளுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் போகட்டும். மிஞ்சினால் அந்தக் கிணற்றைத் தூர் வாருங்கள். பத்திரம் முடிய நாளாகும். அதுவரை காத்திருக்காமல், இந்தப் போகத்திலிருந்தே வாரம் வாங்குவதை நிறுத்துங்கள்.