நிழல் விழாத கல்லா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரு நாட்டின் பழைய இன்கா மலைநகரம் மாச்சு பிச்சு. அங்குள்ள இந்திவத்தானா என்ற கல்தூணுக்கு மார்ச் 21 நண்பகலில் நிழலே விழாது, இன்காக்கள் அதில் சூரியனைக் 'கட்டிவைத்து' நாள் கணித்தார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா? அது கோயிலா, கடிகாரமா?

அன்புள்ள நண்பருக்கு,

நிழல் விழும். மாச்சு பிச்சு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 13 பாகையில் இருக்கிறது. மார்ச் 21 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்பதால் அங்கே உச்சியிலிருந்து 13 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். ஒரு மீட்டர் செங்குத்துக் கம்பிக்கு 23 சென்டிமீட்டர் நிழல். சென்னையும் வடக்கே அதே 13 பாகைதான், ஆகவே நீங்களே சோதிக்கலாம். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குழாயைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் பிசகும். அன்று உச்சிவேளை 12 மணிக்கல்ல, பன்னிரண்டே கால் வாக்கில். நிழல் மறைவது சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மாச்சு பிச்சுவில் பிப்ரவரி நடுவிலும் அக்டோபர் கடைசியிலும்.

இந்திவத்தானா, அதாவது 'சூரியனைக் கட்டும் இடம்' என்ற பெயரும் 19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் பரப்பியது. நிழலை அளக்க அந்தக் கல்லில் கோடுகள் இல்லை.

சூரியனை உண்மையிலேயே கவனித்த இடம் கீழே, டோரியோன் என்னும் அரைவட்டக் கோயில். இயற்கைப் பாறையைச் சுற்றி வளைத்துக் கட்டிய சுவர். பாறையின் மேல்தளத்தில் நேர்கோடாக வெட்டிய ஒரு விளிம்பு. ஜூன் 21-ஐ ஒட்டி உதிக்கும் சூரியன் கிழக்குச் சன்னலில் நேராகத் தெரியும். சன்னலுக்கு வெளியே துருத்தும் கல்முளைகளில் தூக்குநூல் தொங்கவிட்டால் அதன் நிழல் அந்த விளிம்புக்கு இணையாக விழும் என்று 1980-களில் டியர்பார்ன், ஒயிட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே நாளைக் குறிக்க அதுவும் போதாது. ஜூன் 21-க்கு முன்னும் பின்னும் நாலு நாள், உதயப் புள்ளி நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. பருவம் திரும்புகிறது என்று அறிய அது போதும், விழா எடுக்கவும் போதும்.

அப்படியானால் மேலே இருக்கும் கல் எதற்கு? என் கருத்தில், மலைக்கு. அது கொண்டுவந்து நட்ட தூண் அல்ல. குன்றின் பாறையையே செதுக்கி எடுத்தது. அதற்கு வடக்கே வாய்னா பிச்சு மலை, தெற்கே பனி மூடிய சல்கந்தாய் மலை. அந்த மக்களுக்கு மலை என்றால் 'அப்பு', நீர் தரும் தெய்வம். 2000-இல் பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் விழுந்து அந்தக் கல்லின் நுனியில் ஒரு துண்டு பெயர்ந்துபோனது.

அன்புடன்.